சூரியநெல்லியில் ரொட்டி சுடும் வார இறுதி: போடி மெட்டு வழியாக ஏறுகிறவர்களுக்கு

நண்பர்களோடு மூணாறுப் பக்கம் இருக்கும் சூரியநெல்லி மாதிரி மலையூருக்குப் போய் ரொட்டி சுடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்ததும், தேனியிலோ மதுரையிலோ வீட்டில் பிசைவதுபோல மாவைப் பிசைந்து வைப்பார்கள். கீழே ஒன்றரை மணி நேரத்தில் பொங்குகிற மாவு மேலே மூன்று மணி நேரம் ஆகியும் அப்படியே கிடக்கும். எல்லோருக்கும் பசி வந்துவிடும், பாதி பொங்கிய மாவை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். கிடைப்பது செங்கல்.

மலையில் மாவை ராத்திரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சனிக்கிழமை இரவு பிசைந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஞாயிறு விடியற்காலை ஜீப் ஏறிக் கொழுக்குமலை போய்ச் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மாவு தயாராக இருக்கும். குளிரில் மெதுவாகப் புளித்த மாவுக்கு ருசியும் கூடுதல். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான். ஆறு பேர், ஒரு கிலோ மாவு, பதினாறு பன், ஓவன் கிடையாது என்று வைத்துக்கொள்வோம்.

வீடு பிடிக்கும்போது கேட்க வேண்டியவை

சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் தங்கும் வீடுகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுவார்கள், அதனால் போனிலேயே விவரமாகக் கேட்டுவிடலாம். "அண்ணே, அடுப்படியை நாங்களே பயன்படுத்திக்கலாமா? அடிகனமான பெரிய குண்டான் இருக்கா? சிலிண்டர் புதுசா, பாதியா?" இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். 'கிச்சன் உண்டு' என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் கட்டன் சாயா போட ஒரு கெட்டில் மட்டும் இருக்கும்.

ஓடிஜி, அதாவது சின்ன மின்சார ஓவன், இருக்கிறது என்று சொன்னாலும் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது 1,500 வாட் அளவுக்கு இழுக்கும் சாமான். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. மழைக் காலத்தில் மலையில் கரண்ட் போவது சாதாரணம். காஸ் அடுப்பும் குண்டானும்தான் நிச்சயம்.

எந்த மாதம் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடுக்கியில் விடாமழை, மண்சரிவு பயம். அப்போது இந்த யோசனையே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளம் பூங்காவை வழக்கமாக அந்த நாட்களில் மூடிவிடுவார்கள். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். மூணாறுப் பக்கம் போக அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மஞ்சள் போர்டு வண்டி எடுத்தால் கேரள பெர்மிட்டும் வரியும் கட்டியாயிற்றா என்று டிரைவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். செக்போஸ்டில் நின்று கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும்.

கீழேயே அளந்து கட்டுங்கள்

மேலே தராசு இருக்காது. டம்ளர் கணக்கில் மாவு அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், ஏனென்றால் அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் வேறு எடை. எனவே வீட்டிலேயே எடை போட்டுக் கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு பெரிய டப்பாவில் மைதா 800 கிராம், கோதுமை மாவு 200 கிராம், தூள் உப்பு 20 கிராம், சர்க்கரை 40 கிராம். நன்றாகக் கலந்து மூடிவிடுங்கள். எண்ணெய் 40 மில்லி தனியாக ஒரு சின்னப் பாட்டிலில். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், அதாவது தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன், காற்றுப் புகாத சிறு டப்பியில். தண்ணீர் 650 மில்லி வேண்டும். ஒரு எவர்சில்வர் பாட்டிலில் அந்த அளவு எதுவரை வருகிறது என்று பார்த்து மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். கேரள மலைச் சுற்றுலா இடங்களில் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, பிடித்தால் அபராதம்.

கோதுமை மாவு ஏன் என்றால், கடையில் கிடைக்கும் மைதா மட்டும் போட்டால் பன் மிருதுவாக வரும், வாசம் இருக்காது. ஐந்தில் ஒரு பங்கு கோதுமை சேர்த்தால் சுவை ஏறும், உப்பலும் கெடாது. பாதிக்குப் பாதி போட்டால் தவிடு, மாவை இழுத்துப் பிடிக்கும் பசையை அறுத்துவிடும், பன் கனத்துப்போகும். கோதுமை மாவு தண்ணீரையும் அதிகம் குடிக்கும்.

ஈஸ்டின் அளவைப் பார்த்துச் சந்தேகப்படுவீர்கள். பாக்கெட்டின் பின்னால் இதைப்போல மூன்று மடங்கு எழுதியிருக்கும். அது இரண்டு மணி நேரத்தில் சுட்டு முடிப்பதற்கான அளவு. இங்கே பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு: 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மாவுக்குள் உண்டாகும் வாயு அங்கே எளிதாக விரியும். ஈஸ்டும் அதிகமாக இருந்தால் விடிவதற்குள் மாவு பொங்கி, அமுங்கி, புளித்த கள் வாசம் அடிக்கும். இந்த அளவு அடுப்படி 15 முதல் 17 டிகிரி வரை இருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரவுகளுக்கு. ஏப்ரல், மே என்றால் அரை டீஸ்பூன் போதும்.

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாளே பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர், சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஈஸ்ட் அரை டீஸ்பூன். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த ஈஸ்ட்தான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது.

மறந்தே போய்விட்டீர்களா? பூப்பாறை, ராஜாக்காடு போன்ற ஊர்களில் சொந்தமாகச் சுடும் பேக்கரி ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கேரளம் பேக்கரிக்குப் பழகிய ஊர். மாம்பள்ளி பாபு தலச்சேரியில் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கியது 1880-ல். விறகுப் போர்மா, அதாவது ரொட்டி சுடும் பெரிய விறகு அடுப்பு, வைத்திருக்கும் கடைகளில் கட்டியான பச்சை ஈஸ்ட் இருக்கும். கேட்டால் ஒரு துண்டு கொடுப்பார்கள். அது இன்ஸ்டன்ட் ஈஸ்டைப்போல மூன்று மடங்கு எடை வேண்டும்: 3 கிராமுக்குப் பதில் 9 கிராம்.

இவை போக 20 சென்டிமீட்டர் அகலம், ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம் கொண்ட அலுமினிய கேக் டின் இரண்டு, கல் உப்பு ஒரு கிலோ, குட்டையான இரும்பு ஸ்டாண்ட் ஒன்று, நெய், துணி இரண்டு. நான்-ஸ்டிக் பாத்திரம் எதையும் கொண்டுவர வேண்டாம். காலியாகச் சூடேற்றினால் பூச்சு கருகிப் புகை வரும்.

ஏறும் வழி

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூர் வரை அகல ரயில் பாதை இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து வாரத்தில் சில நாட்கள் நேரடி ரயில். பெட்ரோலைப் போடியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கேரளத்தில் விலை கூடுதல். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். போடி மெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்.

விடிகாலையில் போடி, தேவாரம் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும். சாயங்காலம் நான்கு மணிக்குமேல் அதே ஜீப்புகள் அதே வேகத்தில் இறங்கும். அந்த டிரைவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் அத்துப்படி, உங்களுக்கு அப்படி இல்லை. ஒன்பது மணிக்கு மேல் ஏறினால் நிம்மதி. வளைவில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது இரண்டாவது கியரில் இறக்குங்கள், பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

மெட்டில் இறங்கி டீ குடித்துவிட்டு, பூப்பாறை, ஆனையிறங்கல் அணை வழியாகப் பெரியகானல் பக்கம் திரும்பிச் சூரியநெல்லி. நின்று நின்று போனாலும் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

ஆனையிறங்கல் என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. யானை நடமாட்டம் உள்ள வட்டாரம். இருட்டியபின் ரோட்டில் நடக்கக் கூடாது. மாவு, உப்பு, வெல்லம், அரிசி எதையும் திண்ணையில் வைக்காதீர்கள், காரிலும் விடாதீர்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானைக்கு அந்தப் பெயர் வந்ததே ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால்தான். 'வெளியே நல்ல குளிர், மாவை வராந்தாவில் வைப்போம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை இரவு, ஏழு மணி

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கலந்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் டப்பா மாவைக் கொட்டி, ஈஸ்டைத் தூவிக் கிளறுங்கள். தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருந்தால் போதும். கை வைத்துப் பார்க்கும்போது சுடுகிறது என்று தோன்றினாலே ஆற விடுங்கள். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். கோடு வரை உள்ள தண்ணீரில் ஒரு கை அளவு மிச்சம் வைத்துவிட்டு மீதியை ஊற்றிப் பிசிறுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாமல் கலந்ததும் கையை எடுத்துவிட்டு இருபது நிமிடம் மூடி வையுங்கள். இந்த இருபது நிமிடத்தில் மாவு தண்ணீரைத் தானே குடித்துக்கொள்ளும், பிசையும் வேலை பாதியாகும்.

பிறகு எண்ணெயை விட்டு எட்டு, பத்து நிமிடம் பிசையுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. சப்பாத்தி மாவு பழகிய கைக்கு ரொட்டி மாவு 'தண்ணி அதிகமாயிடுச்சு' என்றே தோன்றும், உடனே மைதாவை அள்ளித் தூவுவார்கள். தூவாதீர்கள். முதல் நான்கு நிமிடம் விரலெல்லாம் ஒட்டும், பாத்திரத்தின் ஓரத்தில் பிடிக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளுங்கள். ஐந்தாவது, ஆறாவது நிமிடத்தில் ஒட்டல் குறைந்து மாவு ஒன்றுசேர ஆரம்பிக்கும். கடைசியில் தொட்டுப் பார்த்தால் காது மடல்போல மெத்தென்று இருக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல விரித்துப் பிடியுங்கள். கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஜவ்வாக வந்தால் போதும். உடனே கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். கையில் இறுக்கமாகத் தெரிந்தால் மட்டும் மிச்சத் தண்ணீரை நனைத்து நனைத்துச் சேருங்கள்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடி, அரை மணி நேரம் அறையிலேயே விடுங்கள். பிறகு ஒரு பக்கத்து மாவை மேலே இழுத்து மறுபக்கத்தில் மடித்து, நான்கு பக்கமும் இப்படிச் செய்து கவிழ்த்து வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு தடவை. அதோடு முடிந்தது. பாத்திரத்தின் வெளியே மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, அடுப்படியில் சன்னலுக்குக் கீழே குளிர்ந்த மூலையில் வைத்து மூடிவிடுங்கள். கோடு போடாமல் விட்டால் காலையில் 'பொங்கியிருக்கா, இல்லையா' என்று ஆறு பேரும் ஆறு அபிப்பிராயம் சொல்வார்கள்.

கதை பேசுவதற்கு முழு ராத்திரி இருக்கிறது. ஆனால் நான்கு மணிக்கு எழ வேண்டும்.

கொழுக்குமலை

சொந்தக் காரில் முயற்சி செய்யக் கூடாத பாதை. சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான், ஆறு பேருக்கு ஒரு ஜீப். சனிக்கிழமையே பேசி வைத்துவிடுங்கள். இடம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டி ஏறும் வழி கேரளத்திலிருந்துதான். 2,100 மீட்டருக்கு மேல் என்பதால் குல்லா, ஸ்வெட்டர் கட்டாயம். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்த்துவிட்டு வீட்டில் இருந்து மாவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு காலை: உருட்டுதல்

எட்டு, எட்டரைக்குத் திரும்பிவிடலாம். மாவு கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை ஏறியிருக்க வேண்டும். அவ்வளவு ஏறாவிட்டால் பதற வேண்டாம். ஒரு அகலமான பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள், அரை மணி நேரத்தில் எழும்பிவிடும். மேலே போய்விட்டு நடுவில் குழி விழுந்திருந்தால் அதிகமாகப் புளித்துவிட்டது. பன் வராது. எலுமிச்சை அளவு உருண்டைகளாக எடுத்து மெல்லியதாகத் தட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சுட்டு எடுங்கள். நல்ல காலைச் சாப்பாடு அது.

மாவு சரியாக இருந்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் திரும்ப மூடிக் குளிர்ந்த மூலையிலேயே விட்டுவிடுங்கள். குண்டானில் ஒரு நேரத்தில் ஒரு டின்தான் வேகும். இரண்டையும் ஒன்றாக உருட்டி வைத்தால் இரண்டாவது காத்திருந்து காத்திருந்து அமுங்கிப்போகும். முதல் டின்னை உருட்டி நாற்பது நிமிடம் கழித்து இரண்டாவதை உருட்டுங்கள்.

பாதி மாவை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் நூறு கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒரு துண்டை எடுத்து ஓரங்களை நடுவுக்கு இழுத்து முடிச்சுப்போலச் சேர்த்து, முடிச்சு கீழே வரும்படி மேடையில் வைத்து, கையைக் கூடாக்கி வட்டமாகச் சுழற்றுங்கள். மேல்தோல் இறுகி வழவழப்பாகும். இந்த இறுக்கம் இல்லாவிட்டால் பன் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் பரவிவிடும். நெய் தடவிய டின்னில் ஓரமாக ஏழு, நடுவில் ஒன்று.

இரண்டாவது பொங்கலுக்கு வெதுவெதுப்பு வேண்டும். இட்லிக் குண்டானில் சுடுதண்ணீர் ஒரு சொம்பு ஊற்றி, தட்டின்மேல் டின்னை வைத்து மூடினால் ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரத்தில் தயார். மாவு தொட்ட விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாகப் பாதி மட்டும் வந்தால் அடுப்பில் ஏற்றலாம். வரவே இல்லையென்றால் தாமதம், உடனே ஏற்றுங்கள். உயரத்தில் சூட்டில் விரிவது கூடுதல் என்பதால் டின்னின் விளிம்பைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது.

ஏலக்காய் போட ஆசை வரும், ஏல ஊரில் நின்றுகொண்டு போடாமல் இருக்க முடியாது. பொடித்து, சர்க்கரையும் நெய்யும் கலந்து, உருட்டும்போது நடுவில் வைத்து மூடுங்கள். பட்டைத் தூள் சேர்ப்பதாக இருந்தாலும் உள்ளே வைப்பதோடு நிறுத்துங்கள். பட்டையை மாவிலேயே பிசைந்தால் ஈஸ்ட் சுணங்கிவிடும்.

குண்டானில் சுடுதல்

அடிகனமான பிரியாணிக் குண்டான், இறுக்கமான மூடி. அடியில் கல் உப்பை இரண்டு சென்டிமீட்டர் பரப்பி, மேலே ஸ்டாண்டை வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பதினைந்து நிமிடம். உப்பு, சூட்டை வாங்கி எல்லா இடத்துக்கும் சமமாகக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் பர்னருக்கு நேர்மேலே உள்ள பன் மட்டும் கருகும்.

டின்னை இறக்கி வைத்து மூடி, நடுத்தரத்துக்குச் சற்றுக் குறைந்த தீயில் 35 முதல் 40 நிமிடம். முதல் இருபது நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. கூட்டத்தில் ஒருவராவது 'சும்மா பார்க்கிறேன்' என்று திறப்பார், அவரை விறகு பொறுக்க அனுப்பிவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பூன் காம்பைச் செருகிச் சின்ன இடைவெளி விடுங்கள். ஆவி வெளியேறாவிட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேல்தோல் நசநசத்துப்போகும்.

வெந்ததற்கு அடையாளம்: கவிழ்த்து அடியைத் தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்த உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 95 டிகிரியில் கொதித்துவிடும். கீழ்நாட்டுக் குறிப்பைப் பார்த்துவிட்டு நடுப்பகுதி 96, 97 ஆகட்டும் என்று காத்திருந்தால் அது வராது, பன்தான் காயும். 90 முதல் 92 போதும்.

சூடு கீழேயிருந்து மட்டும் வருவதால் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். விறகடுப்பு உள்ள வீடாக இருந்தால் கடைசிப் பத்து நிமிடம் மூடியின் மேல் கங்கு பரப்பினால் அழகாகச் சிவக்கும். கண்ணாடி மூடியில் இதைச் செய்யாதீர்கள். கங்கு இல்லாவிட்டால் சூடான தோசைக்கல்லில் நெய் விட்டு, பன்களை ஒன்றாகவே கவிழ்த்து ஒன்றரை நிமிடம். நிறமும் வரும், மொறுமொறுப்பும் வரும். ஓடிஜி நிஜமாகவே வேலை செய்தால் 190 டிகிரியில் 25 நிமிடம், அவ்வளவுதான். குக்கரில் சுடுகிறவர்கள் பழைய குக்கராகப் பார்த்து, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு இதே முறையில் சுடலாம். புதுக் குக்கரைக் காலியாகச் சூடேற்றிப் பாழாக்க வேண்டாம்.

டின்னிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டில் அரை மணி நேரம் ஆற விடுங்கள். தட்டு இல்லாவிட்டால் இரண்டு கரண்டிக் காம்பின் மேல். சுடச்சுடப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், 'வேகவில்லை' என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். ஆறும்போதுதான் உள்பக்கம் கெட்டிப்படுகிறது. அந்த அரை மணி நேரத்தில் முட்டை ரோஸ்ட் தயாராகிவிடும். மூணாறு பக்கம் போனவர்கள் மறையூர் வெல்லம் வாங்கியிருந்தால், கொஞ்சம் தண்ணீரில் உருக்கி நெய் சேர்த்துத் தொட்டுக்கொள்ளலாம்.

அடி கருகியது, நடு வேகவில்லை என்றால்

தீ அதிகம், அல்லது உப்பு குறைவு. இரண்டாவது டின்னுக்குத் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஸ்டாண்ட் உப்பில் புதைந்திருந்தால் அதை உயர்த்துங்கள். பன் உதிர்கிறது என்றால் பிசையும்போது மாவு தூவியிருப்பீர்கள். மேலே வெடித்திருந்தால் இரண்டாவது பொங்கலுக்கு நேரம் போதவில்லை. உப்பு போட மறந்தால் மாவு வேகமாகப் பொங்கும், பன் சப்பென்று இருக்கும். அதற்கு வெண்ணெயில் உப்புக் கலந்து தடவுவதைத் தவிர வழியில்லை.

மத்தியானம் ஒன்றரைக்குள் கிளம்பினால் ஜீப் கூட்டத்துக்கும் மெட்டு மூடுபனிக்கும் முன்னால் போடியில் இறங்கிவிடலாம். மீதிப் பன்னை முழுக்க ஆறியபின் துணியில் சுற்றுங்கள், சூட்டோடு கவரில் போட்டால் வேர்த்துவிடும். கீழ்நாட்டு வெக்கையில் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், செவ்வாய்க்கிழமைக்குள் தோசைக்கல்லில் வாட்டிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். குண்டானில் போட்ட உப்பு பழுத்துக் கறுத்திருக்கும். ஆறியபின் ஒரு டப்பாவில் போட்டு 'ரொட்டி உப்பு' என்று எழுதி வையுங்கள், அடுத்த தடவை சுட உதவும். சமையலுக்கு ஆகாது.